சென்னையிலிருந்து டொராண்டோ: தூரத்தையும் நேரத்தையும் நீங்களே கணக்குப் போடலாம்

மேற்கு மாம்பலத்தில் விமான டிக்கெட் போட்டுத் தரும் சின்ன அலுவலகம் என்னுடையது. கனடாவில் இருக்கும் பிள்ளைகளைப் பார்க்கக் கிளம்பும் அம்மா அப்பாக்கள்தான் என்னிடம் அதிகம் வருவார்கள். உட்கார்ந்ததும் இரண்டு கேள்வி வரும்: டொராண்டோ எவ்வளவு தூரம், போய்ச் சேர எத்தனை மணி நேரம்? ஒரே மூச்சில் பதில் சொல்லிவிடலாம். ஏறக்குறைய 14,000 கிலோமீட்டர், ஏறக்குறைய 20 மணி நேரம். ஆனால் இந்தப் பதிலை நம்பி டிக்கெட் எடுக்கக் கூடாது. லண்டன் வழி, பிராங்பேர்ட் வழி, துபாய் வழி என்று எதில் போனாலும் தூரம் கிட்டத்தட்ட ஒன்றுதான். அந்த 20 மணி நேரம் எங்கே இரண்டாக உடைகிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. மூன்றையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கத் தெரிந்தால் உங்கள் உடம்புக்கு எது ஒத்துவரும் என்று நீங்களே முடிவு செய்யலாம். அதற்குத் தேவையான கணக்கைத்தான் சொல்லப் போகிறேன். எட்டாம் வகுப்புப் பேரனைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டால் இன்னும் சுலபம்.

முதலில் தூரம்.

என் மேஜையில் ஒரு குளோப் இருக்கிறது, பள்ளிக்கூடப் பிள்ளைகள் வைத்திருக்கும் சைஸ். பக்கத்தில் ஒரு நூல்கண்டு. நூலின் ஒரு முனையைச் சென்னை மேல் கட்டை விரலால் அழுத்திக்கொண்டு, மறுமுனையை டொராண்டோவுக்குக் கொண்டுபோய் இழுத்துப் பிடிக்க வேண்டும். தளர்வாக இருக்கும்போது நூல் அரபிக்கடல், ஐரோப்பா என்று கிடக்கும். இறுக்க இறுக்க அதுவாகவே வழுக்கிக்கொண்டு வடக்கே ஏறும். கும்பகோணத்திலிருந்து வந்த ஒரு பெரியவர், தபால் துறையில் இருந்து ஓய்வு பெற்றவர், கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி குனிந்து பார்த்தார். "ஏம்மா, கனடா மேற்கேதானே இருக்கு? நூல் ஏன் வடக்கே ஓடுது?" என்றார். "அந்தப் பொண்ணு பாத்துச் சொல்லும், நீங்க கொஞ்சம் சும்மா இருங்க" என்றார் அவர் மனைவி. பெரியவர் கேட்டதுதான் சரியான கேள்வி.

சுவரில் மாட்டும் உலகப்படம் உருண்டையைத் தட்டையாக்கி வரைந்தது. துருவத்தை நெருங்க நெருங்க நிலத்தை இழுத்துப் பெரிதாக்கிவிடும். அதில் கிரீன்லாந்தும் ஆப்பிரிக்காவும் ஏறக்குறைய ஒரே அளவாகத் தெரியும். உண்மையில் ஆப்பிரிக்கா 14 மடங்கு பெரியது. அந்தப் படத்தில் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டால் தூரமும் தப்பு, திசையும் தப்பு. உருண்டையின் மேல் இரண்டு ஊருக்கு நடுவே மிகக் குறைந்த வழி எதுவோ அதைப் பெருவட்டப் பாதை என்பார்கள். இறுக்கிய நூல் காட்டுவது அதைத்தான்.

சென்னை 80 பாகை கிழக்கில் இருக்கிறது, டொராண்டோ 80 பாகை மேற்கில். அதாவது பூமியின் ஏறக்குறைய எதிரெதிர்ப் பக்கங்கள். அதனால்தான் நூல் வடக்கே ஏறுகிறது. சென்னையில் கிளம்பி பஞ்சாப், பாகிஸ்தானின் ஸ்வாட் பள்ளத்தாக்கு, தஜிகிஸ்தான், கஜகஸ்தான், ரஷ்யாவின் ஆர்க்காங்கெல்ஸ்க் பக்கம், நார்வேயின் வடகிழக்கு முனை, நடு கிரீன்லாந்து, லாப்ரடார் முனை, கியூபெக், அப்புறம் டொராண்டோ. உச்சத்தில் 73 பாகை வட அட்சரேகையைத் தாண்டிவிடும். பெரியவர் ஒவ்வொரு ஊராக விரல் வைத்துப் படித்துக்கொண்டே வந்தார்.

நூலை எடுத்து அளக்கலாம். குளோபின் நடுவில் பூமத்திய ரேகையைச் சுற்றி அதே நூலை ஒரு சுற்றுச் சுற்றி நீளம் பாருங்கள்; அது 40,000 கி.மீ. சென்னை–டொராண்டோ நூல் அதில் எத்தனையில் ஒரு பங்கு என்று வகுத்தால் தூரம் வந்துவிடும். மூன்றில் ஒரு பங்குக்குத் துளி கூடுதலாக வரும்.

இன்னும் துல்லியமாக வேண்டும் என்றால் சயின்டிஃபிக் கால்குலேட்டர் போதும், போனிலேயே இருக்கிறது. போனைப் படுக்கவாட்டில் திருப்பினால் சைன், கோசைன் பட்டன்கள் வரும். பாகையில் கணக்குப் போடும்படி வைத்துக்கொள்ளுங்கள், ரேடியனில் வேண்டாம். சென்னை விமான நிலையம் 12.99 வடக்கு, 80.17 கிழக்கு. டொராண்டோ பியர்சன் விமான நிலையம் 43.68 வடக்கு, 79.63 மேற்கு. ஒன்று கிழக்கு, ஒன்று மேற்கு என்பதால் தீர்க்கரேகைகளைக் கூட்ட வேண்டும்: 159.80. இரண்டுமே கிழக்காக இருந்தால் கழிக்க வேண்டும். கூட்டி வருவது 180-ஐத் தாண்டினால் 360-லிருந்து கழித்துக்கொள்ளுங்கள்.

இரண்டு அட்சரேகைகளின் சைனையும் பெருக்குங்கள்: 0.155. இரண்டு அட்சரேகைகளின் கோசைனையும், அந்த 159.80-இன் கோசைனையும் சேர்த்துப் பெருக்குங்கள்: மைனஸ் 0.661. இரண்டையும் கூட்டினால் மைனஸ் 0.506. எந்தக் கோணத்தின் கோசைன் இது என்று கால்குலேட்டரைத் தலைகீழாகக் கேட்டால் (cos⁻¹ பட்டன்) 120.4 பாகை என்று சொல்லும். ஒரு பாகை 111.2 கி.மீ. பெருக்கினால் ஏறக்குறைய 13,390 கி.மீ. பூமி துருவங்களில் கொஞ்சம் அமுங்கியிருப்பதால் அரை சதவீதம் வரை இப்படி அப்படி ஆகும். டிக்கெட் எடுக்க அது ஒரு பொருட்டல்ல. இலங்கையில் கொழும்புக்குப் பக்கத்தில் உள்ள கட்டுநாயக்க விமான நிலையத்திலிருந்து கிளம்புகிறவர்கள் 7.18 வடக்கு, 79.88 கிழக்கு என்று போட்டுப் பாருங்கள். 14,000-க்கு ஐந்து கிலோமீட்டர் குறைவாக வரும்.

கணக்குப் பிடிக்காதவர்களுக்கு கூகுள் எர்த்தில் அளவுகோல் இருக்கிறது. இரண்டு புள்ளி வைத்தால் தூரத்தையும் சொல்லும், வளைந்த கோட்டையும் வரைந்து காட்டும்.

இப்போது முக்கியமான விஷயம். சென்னையிலிருந்து டொராண்டோவுக்கு நேர் விமானம் கிடையாது. எங்கேயாவது இறங்கி ஏறியே ஆக வேண்டும். ஆகவே ஒவ்வொரு துண்டையும் தனித்தனியாகக் கணக்குப் போட்டுக் கூட்டுங்கள். லண்டன் வழி: 8,234-ம் 5,708-ம் சேர்ந்து 13,942. பிராங்பேர்ட் வழி: 7,594-ம் 6,344-ம் சேர்ந்து 13,938. துபாய் வழி: 2,934-ம் 11,082-ம் சேர்ந்து 14,016. மூன்றும் நூறு கிலோமீட்டருக்குள் அடங்கிவிடுகின்றன! "துபாய் சுத்து வழிதானே?" என்று கேட்பவர்களிடம் இந்த எண்களைத்தான் காட்டுவேன். ஹாங்காங் வழி என்று யாராவது சொன்னால் மட்டும் யோசியுங்கள், அது 16,000-ஐத் தாண்டிவிடும்.

டெல்லி வழி காகிதத்தில் எல்லாவற்றையும்விடக் குறைவு. 1,761-ம் 11,639-ம் சேர்ந்து 13,400. நேர்கோட்டைவிடப் பத்துக் கிலோமீட்டர்தான் கூட. ஆனால் நூலுக்கு நாட்டு எல்லை தெரியாது, விமானத்துக்குத் தெரியும். 2025 ஏப்ரல் 24 அன்று பாகிஸ்தான் தன் வான்வெளியை இந்திய விமானங்களுக்கு மூடியது. அதன் பிறகு மாதா மாதம் நீட்டித்துக்கொண்டே போனார்கள். டெல்லியில் கிளம்பும் இந்திய விமானம் நேரே வடமேற்கே ஏற முடியாமல், தெற்கே இறங்கிக் குஜராத், அரபிக்கடல் என்று சுற்ற வேண்டியிருக்கிறது. கனடா, பிரிட்டன், ஐரோப்பிய ஒன்றிய விமான நிறுவனங்களுக்கோ 2022 பிப்ரவரியிலிருந்து ரஷ்யா மேல் பறக்க அனுமதி இல்லை. லண்டன் வழியிலும் இதே சங்கடம்தான். சென்னை–லண்டன் நூல் பாகு பக்கம் காஸ்பியன் கடலைத் தாண்டி, ரஷ்யாவின் கிராஸ்னதார், உக்ரைனின் கெர்சன் மேல் போகும். உக்ரைன் வானம் 2022 பிப்ரவரி 24 முதல் பயணிகள் விமானத்துக்கு மூடிக்கிடக்கிறது. அதனால் தெற்கே துருக்கி வழியாகப் போகிறார்கள். கணக்கில் வந்த தூரத்தோடு சில நூறு கிலோமீட்டர் சேர்த்துக்கொள்வது நல்லது.

அடுத்து நேரம்.

நீண்டதூர விமானம் மேலே போனபின் மணிக்கு 900 கி.மீ. வேகத்தில் பறக்கும். ஆனால் ஏறும்போதும் இறங்கும்போதும் மெதுவாகத்தான் போகும், ரன்வேக்கு வரிசையில் நிற்கும். டிக்கெட்டில் போட்டிருக்கும் நேரம் கேட்டை விட்டுக் கிளம்பும் நிமிடம் முதல் மறுகேட்டில் வந்து நிற்கும் நிமிடம் வரை. ஆகவே என் வழி இது: தூரத்தை 850-ஆல் வகுங்கள், அரை மணி சேருங்கள். மேற்கே போகும் நீண்ட பயணமாக இருந்தால் இன்னொரு முக்கால் மணி சேருங்கள்.

லண்டன்–டொராண்டோ: 5,708-ஐ 850-ஆல் வகுத்தால் 6.7. அரை சேர்த்தால் 7.2. முக்கால் சேர்த்தால் எட்டு மணி. டிக்கெட்டிலும் ஏறக்குறைய எட்டு மணிதான் இருக்கும். துபாய்–டொராண்டோ இதே முறையில் 14 மணிக்கு வரும், அதுவும் டிக்கெட்டோடு ஒத்துப்போகும். சென்னை–லண்டன் 11 மணி.

அந்த முக்கால் மணி எதற்கு என்று சொல்லிவிடுகிறேன். பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்கே ஒரு காற்று ஓடிக்கொண்டே இருக்கிறது, ஜெட் ஸ்ட்ரீம் என்பார்கள். குளிர்காலத்தில் இன்னும் பலமாக வீசும். மேற்கே போகும்போது எதிர்த்து நீந்த வேண்டும், கிழக்கே வரும்போது அதுவே தள்ளிக்கொண்டு வரும். போகும்போது எட்டு மணி எடுத்த லண்டன்–டொராண்டோ, திரும்பும்போது ஏழு மணிதான். 2020 பிப்ரவரியில் சியாரா புயல் வீசியபோது ஒரு ஜம்போ விமானம் நியூயார்க்கிலிருந்து லண்டனுக்கு 4 மணி 56 நிமிடத்தில் வந்து சேர்ந்தது. அட்லாண்டிக் மேல் எந்தப் பாதையில் பறப்பது என்பதையே இந்தக் காற்றைப் பார்த்து ஒவ்வொரு நாளும் புதிதாக வகுக்கிறார்கள். பகலில் மேற்கே போவதற்கு ஒரு கட்டு, இரவில் கிழக்கே வருவதற்கு ஒரு கட்டு. ஐரோப்பாவிலிருந்து கனடா போகும் விமானம் பெரும்பாலும் பகலிலும், திரும்பி வருவது ராத்திரியிலும் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள்.

உங்கள் விமானம் உண்மையில் எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று பார்க்க ஃப்ளைட்ரேடார்24 ஆப்பில் விமான எண்ணைத் தட்டுங்கள். முந்தைய நாட்களில் எப்போது கிளம்பியது, எப்போது இறங்கியது, எந்த நாட்டு மேல் போனது என்று வரும். ஒரு வாரத்துக்கு ஒரு தடவையாவது தாமதமாக வருகிற விமானத்தில் குறுகிய டிரான்சிட், அதாவது நடு ஊரில் விமானம் மாறக் குறைந்த நேரம், போட்டுத் தர நான் சம்மதிக்க மாட்டேன்.

கடிகாரத்துக்கு வருவோம். இங்கேதான் படித்தவர்களும் தடுமாறுகிறார்கள்.

கிளம்பும் நேரத்தையும் சேரும் நேரத்தையும் நேரடியாகக் கழிக்காதீர்கள். இரண்டையும் உலக நேரங்களுக்கெல்லாம் பொது அளவான கிரீன்விச் நேரத்துக்கு மாற்றிவிட்டுக் கழியுங்கள். இந்திய நேரத்திலிருந்து ஐந்தரை மணியைக் கழிக்க வேண்டும். டொராண்டோ நேரத்தோடு குளிர்காலத்தில் ஐந்து மணியும், கோடையில் நான்கு மணியும் கூட்ட வேண்டும். செவ்வாய்க்கிழமை அதிகாலை 5:30-க்குச் சென்னையில் கிளம்பி, அதே செவ்வாய் மாலை 3:30-க்கு டொராண்டோவில் இறங்குவதாகப் போட்டிருந்தால் பத்து மணிப் பயணம் போலத் தோன்றும். கிரீன்விச்சில் பாருங்கள். கிளம்புவது 0:00. சேருவது குளிர்காலத்தில் 20:30, அதாவது இருபதரை மணி நேரம். அதே டிக்கெட் ஜூலையில் என்றால் 19:30, பத்தொன்பதரை மணி நேரம்.

கனடாவில் மார்ச் மாதம் இரண்டாவது ஞாயிறு கடிகாரத்தை ஒரு மணி முன்னே தள்ளுவார்கள், நவம்பர் முதல் ஞாயிறு பின்னே வைப்பார்கள். பிரிட்டனும் ஐரோப்பாவும் மாற்றுவதோ மார்ச் கடைசி ஞாயிறும், அக்டோபர் கடைசி ஞாயிறும். நடுவில் இருக்கும் அந்தச் சில நாட்களில் லண்டனுக்கும் டொராண்டோவுக்கும் வித்தியாசம் ஐந்து மணிக்குப் பதில் நான்கு மணிதான். அந்த வாரங்களில் பயணம் என்றால் டிரான்சிட் நேரம் ஒரு மணி கூடியோ குறைந்தோ போகலாம். டிக்கெட் எடுத்த பிறகும் ஒருமுறை சரிபாருங்கள்.

அப்புறம் தேதி. சென்னையிலிருந்து இந்த விமானங்களில் பலவும் நள்ளிரவு தாண்டி, விடியற்காலைக்குள் கிளம்புபவை. ஜூன் 12 அதிகாலை 1:30 என்று டிக்கெட்டில் இருந்தால், ஜூன் 11 ராத்திரி பத்து மணிக்கு நீங்கள் மீனம்பாக்கத்தில் இருக்க வேண்டும். நான் தரும் காகிதத்தில் "வியாழன் ராத்திரி சாப்பிட்டுவிட்டுக் கிளம்பவும்" என்றே எழுதிக் கொடுப்பேன். தேதியைவிட அது நன்றாக மனதில் நிற்கும்.

இப்போது மூன்று வழிகளையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். துபாய் வழியில் முதலில் நாலேகால் மணி, பிறகு பதினாலு மணி. லண்டன் வழியில் பதினொன்று, பிறகு எட்டு. பிராங்பேர்ட்டில் பத்து, பிறகு எட்டரை. மொத்தத்தில் எல்லாம் ஒன்றுதான். முழங்கால் வலி, கால் வீக்கம், அடிக்கடி பாத்ரூம் போக வேண்டிய உடம்பு என்றால் பதினாலு மணி நேரம் ஒரே சீட்டில் கஷ்டம். அவர்களுக்கு லண்டன் அல்லது பிராங்பேர்ட்தான் போடுவேன். நடுவில் எழுந்து நீள நடக்க வாய்ப்பு கிடைக்கிறது. விமானத்தில் ஏறியதும் தூங்கிவிடும் வரம் பெற்றவர்கள் துபாய் வழியில் போகலாம். நீண்ட துண்டில் ஒரு முழுத் தூக்கம் போட்டு எழுந்தால் டொராண்டோ வந்துவிடும். கும்பகோணத்துப் பெரியவர் மனைவிக்கு இரண்டு முழங்காலும் வலி. மகளுக்குப் போன் போட்டுப் பேசிவிட்டு, "பிராங்பேர்ட்டே போட்டுடும்மா, இவளால அவ்வளவு நேரம் உட்கார முடியாது" என்றார். டிக்கெட் விலை கொஞ்சம் கூடத்தான். பணத்தை அங்கே மிச்சம் பிடிக்காதீர்கள் என்றுதான் நானும் சொன்னேன்.

டிரான்சிட் இரண்டரை மணிக்குக் குறையக் கூடாது என்பது என் கட்சி. வீல்சேர் கேட்டிருந்தால் மூன்று மணி. டெர்மினல் மாற வேண்டியிருந்தால் பஸ், மறுபடி செக்யூரிட்டி என்று ஒரு மணி நேரம் சுலபமாகப் போய்விடும். ஐந்து மணிக்கு மேல் போனால் இரும்பு நாற்காலியில் உட்கார்ந்து இடுப்பு பிடித்துக்கொள்ளும். இரண்டு துண்டையும் ஒரே டிக்கெட்டாகவே எடுங்கள். மலிவாக இருக்கிறதே என்று தனித்தனியாக எடுத்தால் நடு ஊரில் பெட்டியை எடுத்து மறுபடி செக்-இன் செய்ய வேண்டும். அதற்கு அந்த நாட்டுக்குள் போக விசா வேண்டியிருக்கும். முதல் விமானம் தாமதமானால் இரண்டாவதற்கு யாரும் பொறுப்பேற்க மாட்டார்கள்.

வீட்டிலிருந்து வீடு வரை கணக்குப் போடுவதையும் மறக்காதீர்கள். கும்பகோணத்திலிருந்து சென்னைக்குக் காரில் ஆறேழு மணி, விமானத்துக்கு முன் மூன்று மணி, பயணம் இருபது மணி, இமிக்ரேஷனும் பெட்டியும் சேர்ந்து ஒன்றரை மணி. பியர்சன் விமான நிலையம் டொராண்டோ நகருக்குள் இல்லை, மேற்கே மிசிசாகாவில் இருக்கிறது. மகன் கிழக்கே ஸ்கார்பரோவில் இருந்தால் 401 நெடுஞ்சாலையில் மாலை நெரிசலில் இன்னும் ஒரு மணிக்கு மேல். மொத்தம் ஒன்றேகால் நாளைத் தாண்டுகிறது. சர்க்கரைக்கு இன்சுலின் போடுகிறவர்கள் இந்த மொத்த நேரத்தையும், சாப்பாடு வரக்கூடிய வேளைகளையும் இந்திய நேரத்தில் ஒரு தாளில் எழுதிக்கொண்டு டாக்டரிடம் காட்டுங்கள். எந்த ஊசி எப்போது என்று அவர் அதிலேயே குறித்துத் தருவார்.

திரும்பி வரும் டிக்கெட்டில் சேரும் நேரத்துக்குப் பக்கத்தில் பிளஸ் 1, பிளஸ் 2 என்று சின்னதாக ஒரு எண் இருக்கும். கோடையில் ஞாயிறு மாலை 6:30-க்கு டொராண்டோவில் கிளம்பி இருபதரை மணி நேரம் பயணம் என்றால், கிரீன்விச்சில் ஞாயிறு 22:30-க்குக் கிளம்பித் திங்கள் 19:00-க்குச் சேர்கிறீர்கள். ஐந்தரையைக் கூட்டினால் சென்னையில் செவ்வாய் 0:30. டிக்கெட்டில் பிளஸ் 2 என்று இருக்கும். அழைத்துப் போக வருகிற மருமகனிடம், "திங்கட்கிழமை ராத்திரி பன்னிரண்டு மணிக்கு வந்துடுங்க மாப்பிள்ளை" என்று சொல்லி வையுங்கள். செவ்வாய்க்கிழமை என்று மட்டும் சொன்னால் அவர் மறுநாள் ராத்திரிதான் காரை எடுப்பார்.